நாலு கரண்டி

சந்தேகப்படுவதற்கு எனக்கு மாதச் சம்பளம் தருகிறார்கள். பெரிய கட்டுமான நிறுவனம் ஒன்றின் கான்கிரீட் சோதனைக்கூடத்துக்கு நான்தான் பொறுப்பு. துறைமுகத்தில் ஊற்றினாலும் சரி, பாலத்தில் ஊற்றினாலும் சரி, ஊற்றுகிற கான்கிரீட்டிலிருந்து ஒரு சட்டி அள்ளி, ஒரு சாணுக்கும் குறைவான இரும்பு அச்சில் அடைத்து, க்யூப் பிடித்து எனக்கு அனுப்ப வேண்டும். நான் அதை இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, எந்திரத்தில் வைத்து நசுக்குவேன். எந்த எண்ணில் நொறுங்குகிறதோ அதுதான் அந்தக் கட்டடத்தின் பலம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அந்த ஒரு சோறு என் மேஜைக்கு வருகிறது. எண்ணுக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டால்தான் அங்கே அடுத்த மாடி.

வீட்டுக்கு வந்தாலும் இந்தப் புத்தி என்னை விடாது. பூட்டிய கதவை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன். கடைக்காரர் நிறுத்துக் கொடுத்ததை வீட்டுத் தராசில் மறுபடி நிறுப்பேன். என் கணவர் பேருந்து ஓட்டுநர். "கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் அந்த மெஷின்ல வச்சு நசுக்கிப் பார்த்திருப்பா. உள்ளே நுழைய மாட்டேன்னுதான் விட்டுட்டா" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும், அது முழுப்பொய் இல்லை.

இந்த வருடம் நிறுவனத்துக்கு ஐம்பது வயது. அதற்காக ஒரு பெரிய ஆல்பம் போடுகிறார்கள். தலைமைப் பொறியாளர், நாங்கள் 'சீஃப்' என்று கூப்பிடுகிறவர், ஒரு காலையில் அடித்தளத்தில் இருக்கும் என் அறைக்கு இறங்கி வந்தார். மேலே இருக்கிறவர்கள் கீழே வருவது அபூர்வம். அதிலேயே எனக்குப் பாதி சந்தேகம் வந்துவிட்டது.

"பக்கத்துக்கு ஒரு கட்டடம் மேடம். நம்ம பெரிய வேலை எல்லாம் வருது. ஒவ்வொண்ணுக்கும் அடியில கான்கிரீட்டோட பலம்னு ஒரு நம்பர் போட்டா கெத்தா இருக்கும். எடுத்துக் கொடுங்க."

அந்தப் பெரிய வேலைகள் எல்லாம் வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. விளையாட்டரங்கம், விமான நிலையம், கப்பல் நிற்கிற நீளச் சுவர், மலைக்குள் போகிற ரயில் பாதை என்று பதினொரு படங்கள். பதினொன்றாவது எங்கள் தலைமை அலுவலகமேதான். பதினாலு மாடி. நாலு வருடத்துக்கு முன் நாங்களே கட்டி நாங்களே குடிபுகுந்தோம். பொன்விழாவை முன்னிட்டு எட்டு மாதமாக அதன் தலையில் இன்னும் இரண்டு மாடி ஏற்றுகிறார்கள். பன்னிரண்டாவது படத்துக்கு ஒரு ஆணி மட்டும் அடித்து வைத்திருக்கிறது. அது ஆற்றுப் பாலத்துக்கு. சில மாதத்தில் பாலம் திறந்ததும் என் கணவரின் பேருந்து அதன் மேல்தான் ஓடப்போகிறது.

பழைய அறிக்கைகளை எடுத்து ஒரே தாளில் வரிசையாக எழுதினேன். பாதியில் பேனாவை வைத்துவிட்டு முதலிலிருந்து படித்தேன்.

கான்கிரீட் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. நாற்பது வேண்டும் என்றால் ஒரு நாள் நாற்பத்துநாலு வரும், மறுநாள் ஐம்பத்துமூன்று, மழை பெய்தால் நாற்பத்தொன்று. மேலும் கீழும் ஆடினால்தான் அது நிஜமான கணக்கு. விளையாட்டரங்கம் வரை அப்படித்தான் ஆடியது. அதற்குப் பிறகு வந்த ஆறு வருடமும் ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று. மணல் வேறு, ஜல்லி வேறு, ஊர் வேறு, வெயில் வேறு. எண் மட்டும் மாறவே இல்லை. தேர்வு எழுதிய அத்தனை பேரும் ஒரே மதிப்பெண் வாங்கினால் வாத்தியாருக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது. அந்த ஆறு வருட அறிக்கையிலும் இருப்பது என் கையெழுத்து. பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போய்ப் போட்ட கையெழுத்து.

க்யூப் பிடித்தவர் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் ஒரே கிறுக்கல். அது என் கொழுந்தனுடையது.

நான் கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடத்துப் பையன். அவனுக்குத் தலை வாரிவிட்டு, சோறு கட்டிக்கொடுத்து, பரீட்சையில் அவன் கோட்டை விட்டபோது அவன் அண்ணனின் அடியிலிருந்து காப்பாற்றி, கடைசியில் இந்த நிறுவனத்தில் வேலையும் வாங்கிக் கொடுத்தேன். வேலையிடத்தில் அவனுக்குக் 'கட்டி' என்று பெயர். நாள் முழுக்கக் க்யூப் கட்டிகளோடு திரிவதால் வந்தது. சீஃபுக்கு அவன் மேல் கொள்ளைப் பிரியம். "கட்டிக்குக் கைராசி மேடம். அவன் கை பட்ட க்யூப் தோத்ததே இல்லை" என்று ஒவ்வொரு பெரிய வேலைக்கும் அவனைத்தான் அனுப்புவார். கைராசியாம். எனக்கு ராசியில் நம்பிக்கை கிடையாது. யாரோ கான்கிரீட்டில் சிமெண்டைக் குறைக்கிறார்கள், அதை மறைக்க இவன் க்யூபை மாற்றுகிறான் என்றுதான் என் மனம் கணக்குப் போட்டது. கணக்கு சரியாக இருந்தால் அவன் பெயரை நானே எழுதி மேலே அனுப்ப வேண்டும். வேலை போகும், ஜெயிலும் வரலாம். நான் சோறு போட்டு வளர்த்த பிள்ளையை நானே பிடித்துக் கொடுக்க வேண்டும்.

சந்தேகம் ஒரு முறை உள்ளே வந்தால் பழையதையெல்லாம் கிளறிப் பார்க்கும். அவன் செவ்வாய்க்கிழமைதோறும் வண்டியில் க்யூப்களைக் கொண்டுவருவான். இறக்கி வைப்பான், ஆனால் உட்கார மாட்டான்.

"ஒரு டீ குடிச்சிட்டுப் போயேன்டா."

"வெளியில குடிச்சுக்கிறேன் அண்ணி. நீங்களும் வாங்க, வெளியிலயே குடிக்கலாம்."

போவதற்கு முன் ஒரு காரியம் மட்டும் தவறாமல் செய்வான். க்யூப் ஊறுகிற தொட்டிக்கும் அதன் பின்னால் இருக்கும் தடித்த தூணுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவு இடுக்கு இருக்கிறது. அதற்குள் போவான். இரண்டு நிமிடம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவான். கேட்டால், "அச்சு ஒண்ணு வச்சிருந்தேன் அண்ணி, அதைத் தேடினேன்." இத்தனை மாதமாக ஒரே அச்சைத் தேடுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. "அண்ணி, லேபை இங்கேருந்து மாத்தச் சொல்லுங்களேன். பாலத்துப் பக்கம் ஒரு நல்ல ஷெட் காலியா இருக்கு. ஜன்னல் இருக்கு, காத்து வரும். எலி மாதிரி எதுக்கு பூமிக்கடியில உக்காந்திருக்கீங்க?" நாலு வருடமாக அவ்வப்போது சொன்னதுதான். மேலே மாடி ஏற்ற ஆரம்பித்த பிறகு வாரம் தவறாமல் சொன்னான். என் மேல் எவ்வளவு அக்கறை என்று அப்போது உருகிப்போனேன். இப்போது அதே பேச்சு வேறு மாதிரி கேட்டது. லேப் அவன் இடத்துக்கே போய்விட்டால் யாருக்கு வசதி? தொட்டிச் சாவி யார் கைக்கு எட்டும்?

சரி, நீ விதைத்ததை நீயே அறுப்பாய் என்று, அவன் கொண்டுவந்த ஒவ்வொரு க்யூபின் அடியிலும் ஊசியால் ஒரு சின்னக் கீறல் போட்டு வைத்தேன். இரண்டு செவ்வாய் போனது. அவன் இடுக்குக்குள் போனான், வந்தான். போனதும் எடுத்துப் பார்த்தேன். ஒரு க்யூபிலும் கீறல் குறையவில்லை. தொட்டியில் எதுவும் மாறவில்லை. அப்படியென்றால் தப்பு இங்கே நடக்கவில்லை, ஊற்றுகிற இடத்தில் நடக்கிறது. இடுக்கில் அவனுக்கு என்ன வேலை என்பதை அதற்குமேல் யோசிக்காமல் விட்டேன். க்யூப் க்யூப் என்று கண் அதிலேயே இருந்தது.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் மெல்லக் கேட்டேன். "தம்பிகிட்ட ஏதாச்சும் மாற்றம் தெரியுதா?"

"தெரியுதே. முன்னெல்லாம் ரெண்டாவது தடவை சோறு கேப்பான். இப்ப மூணாவது தடவையும் கேக்குறான்."

"விளையாடாதீங்க."

முழுவதையும் சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பிறகு, "அவன் தப்புப் பண்ணியிருந்தா எழுது. தம்பியாச்சேன்னு நான் குறுக்க வர மாட்டேன். அந்தப் பாலத்து மேல தினம் அறுபது பேரை ஏத்திக்கிட்டுப் போகப்போறவன் நான். ஆனா எழுதுறதுக்கு முன்னாடி கண்ணால பாரு. கண்ணால பாத்த பிறகும் உடனே குதிக்காதே, தீர விசாரி" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவினார். அவர் தட்டுக் கழுவினால் மனசு சரியில்லை என்று பொருள்.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் பாலத்துக்குப் போனேன். ஒரு பழைய மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கம்பிக் கட்டுகளுக்குப் பின்னால் நின்றேன். இந்த வயதில் ஒளிந்து நின்று வேவு பார்ப்பது எனக்கே கேவலமாக இருந்தது. இருந்தும் நகரவில்லை.

மிக்ஸர் லாரி வந்து பின்பக்கமாக நின்றது. கொழுந்தன் சட்டியோடு காத்திருந்தான். முதலில் விழுந்ததை விட்டான், பாதி இறங்கிய பிறகு நடுவிலிருந்து பிடித்தான். விதிப்படி அதுதான் சரி. நான் சொல்லிக் கொடுத்தது. எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. சட்டியை ஓரமாகக் கொண்டுபோய் வைத்து, ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தான். முகர்ந்தான். பிறகு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, தோள்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தான். உள்ளே சிமெண்ட். ஒரு குழிக்கரண்டி நிறைய அள்ளிச் சட்டியில் போட்டு, சோறு பிசைகிற மாதிரி நன்றாகப் புரட்டினான்.

அந்த டப்பாவும் கரண்டியும் எங்கள் வீட்டுடையவை. மூடியில் ஒரு நசுங்கல் இருக்கும், நான் படியில் போட்டது. ஆறு வருடத்துக்கு முன் காணாமல் போனது. அதற்காக வீட்டு வேலைக்கு வந்த அம்மாவைக்கூட வாய் விடாமல் மனசுக்குள் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

கம்பிக் கட்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். அவன் திடுக்கிட்டான். ஆனால் டப்பாவை மறைக்கவில்லை.

"அண்ணி, ஹெல்மெட்டுக்கு வார் போடலை" என்றான்.

"அதைப் பத்தி நீ பேசாதே. என்னடா பண்றே?"

"பாத்துட்டீங்கல்ல."

"யார் செய்யச் சொன்னது? கலவை பிளாண்ட்டுக்காரனா? கான்ட்ராக்டரா? எவ்வளவு நாளா?"

"ஆறு வருஷமா. யாரும் சொல்லலை." அவன் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீங்கதான் சொன்னீங்க."

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. "நானா?"

"ஸ்டேடியம் நடந்தப்ப. என்னோட முதல் க்யூப். முப்பத்தொண்ணுல நொறுங்கிடுச்சு. சீஃப் உங்களை எல்லாருக்கும் முன்னாடி வச்சுத் திட்டினாரு. சொந்தக்காரன்னு வேலைக்கு வச்சா இப்படித்தான்னு. நீங்க வீட்டுக்கு வந்து அழுதீங்க. அப்புறம் என்கிட்ட சொன்னீங்க, இன்னொரு தடவை உன் க்யூப் தோத்துச்சுன்னா இந்த வீட்டுல உனக்குச் சோறு கிடையாதுன்னு."

சொல்லியிருக்கிறேன். அழுததும் நினைவிருக்கிறது, கரண்டியை ஓங்கியதும் நினைவிருக்கிறது. அந்தக் கரண்டிதான் இது.

"அது கோவத்துல சொன்னதுடா! நல்லாப் பிடின்னு அர்த்தம். சிமெண்டைக் கலந்து பிடின்னா அர்த்தம்?"

"முழுசாக் கேளுங்க அண்ணி. அப்புறம் அந்த ஸ்டேடியத் தூணைத் துளை போட்டுப் பாத்தாங்கல்ல. தூண் நல்லா இருந்துச்சு. நாப்பத்தேழு. நான்தான் சரியாக் குத்தி அடைக்கத் தெரியாம க்யூபைக் கெடுத்துட்டேன். கான்கிரீட் நல்லது, க்யூப்தான் பொய் சொல்லுச்சு. அப்ப க்யூபைச் சரி பண்ணிட்டா யாருக்கும் அவமானம் இல்லையேன்னு நினைச்சேன். உங்களுக்கும் பேச்சு இல்லை, எனக்கும் சோறு உண்டு."

எந்தக் கள்வனும் இப்படி ஒரு சாட்சி சொல்ல மாட்டான். அவன் முகத்தைப் பார்த்தேன். பரீட்சையில் கோட்டை விட்டபோது இருந்த அதே முகம். ஒரு பானைக்கு ஒரு சோறு பதம் என்றால், இந்த மடையன் அந்த ஒரு சோற்றை மட்டும் தனி அடுப்பில் வேகவைத்து எனக்கு அனுப்பியிருக்கிறான். அதை ஆறு வருடம் நான் ருசி பார்த்து, பிரமாதம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. அழவும் வந்தது.

"அப்போ ஸ்டேடியத்துக்கு அப்புறம் கட்டின எதோட பலமும் யாருக்கும் தெரியாது. அப்படித்தானே?"

"எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கையில தேச்சாத் தெரியும் அண்ணி. ஆறு வருஷமா தினம் தேச்சுப் பாக்குறேன். எல்லாம் ஐம்பத்திரண்டு பக்கத்துல வரணும்னா, எது எவ்வளவு குறையுதுன்னு தெரிஞ்சாத்தானே அவ்வளவு போட முடியும்? நல்ல கலவைக்கு ஒரு கரண்டி. சுமாரா இருந்தா ரெண்டு. இந்தப் பாலம் பூரா ஒரு கரண்டிதான். அண்ணன் தாராளமா பஸ் ஓட்டலாம். விமான நிலையத்துல ஒரு மழை நாள்ல ரெண்டு போட்டேன். துறைமுகத்துல ரெண்டு தடவை ரெண்டு."

கோபம் எனக்கு அப்படியே நின்றுவிட்டது. என் எந்திரம் ஆறு வருடமாகச் சொல்லாததை இவன் கரண்டி சொல்லிக்கொண்டிருந்தது.

"மூணு போட்டிருக்கியா?"

"மூணு போட்டதில்லை."

"அப்ப ரெண்டுதான் மோசம்."

அவன் டப்பாவை மூடினான். மூடி சரியாக உட்காரவில்லை, நசுங்கிய இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினான்.

"டேய். என்னைப் பாரு. ரெண்டுக்கு மேல போட்டதே இல்லையா?"

"ஒரே ஒரு தடவை. நாலு."

"எங்கே?"

"அன்னைக்கு லாரி வழியில நின்னுபோச்சு. மூணு மணி நேரம் லேட். உள்ள இறுகிப்போச்சு, தண்ணி ஊத்திக் கலக்கி இறக்கினாங்க. கையில எடுத்தா மணல் மாதிரி உதிருது. நான் சொன்னேன் அண்ணி, இது வேண்டாம்னு. க்யூப் பிடிக்கிறவன் க்யூபைப் பிடின்னுட்டாங்க." அவன் குரல் இறங்கியது. "க்யூப் ஐம்பத்திரண்டு வந்துச்சு. அதுக்கப்புறம் நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது? தூண் மோசம்னு சொன்னா க்யூபைக் காட்டுவாங்க. க்யூப் பொய்னு சொன்னா உங்க கையெழுத்தைக் காட்டுவாங்க. என் வேலை போனாப் போகுது. உங்களையும் சேத்து இழுப்பாங்களே."

"எங்கேன்னு கேட்டேன்."

"லேபை மாத்துங்க, மாத்துங்கன்னு நாலு வருஷமா வேற எதுக்குச் சொன்னேன்?"

வண்டியை அவன்தான் ஓட்டினான். உள்ளே டீ குடிக்க மறுத்ததும், என்னை வெளியே கூப்பிட்டதும், இடுக்குக்குள் போய் வந்ததும் ஒவ்வொன்றாக என் தலைக்குள் இடம் மாறிக்கொண்டிருந்தன. அத்தனையையும் நான் தலைகீழாகப் படித்திருந்தேன். அவனை வேவு பார்த்ததைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். க்யூபில் ஊசியால் கீறியதைச் சொன்னேன்.

"பாத்தேன் அண்ணி" என்றான். "அழகாத்தான் கீறியிருந்தீங்க."

அடித்தளத்துக்கு இறங்கினோம். இந்த முறை இடுக்குக்குள் நான் முதலில் நுழைந்தேன். வயிறு தொட்டியில் உரசியது. கைப்பேசி வெளிச்சத்தைத் தூணின் பின்பக்கம் அடித்தேன். நெஞ்சு உயரத்திலிருந்து கீழே தரை வரை முடி கனத்தில் ஒரு விரிசல். அதன் மேல் சுண்ணாம்பால் பொட்டு வைத்த மாதிரி ஒன்றன் கீழ் ஒன்றாக எட்டுப் பொட்டுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் தேதி, அந்தக் கிறுக்கல் எழுத்தில். மேலே மாடி ஏற்ற ஆரம்பித்த மாதத்திலிருந்து மாதத்துக்கு ஒன்று. விரிசல் நகராமல் இருந்தால் பொட்டு முழுதாக இருக்கும். நகர்ந்தால் பொட்டு பிளந்துவிடும். எங்கள் தொழிலில் இதைவிட எளிமையான கருவி கிடையாது.

எட்டும் நடுவில் பிளந்திருந்தன. இரண்டில் என் நகம் நுழைந்தது.

"என்ன அண்ணி? பேசுங்க."

"நீ கடைசியா எப்பப் பாத்தே?"

"நேத்து, செவ்வாய்க்கிழமை. எல்லாம் முழுசா இருந்துச்சு. ஒண்ணாவது உடைஞ்சா உங்களைத் தூக்கிக்கிட்டாவது வெளிய போயிடணும்னு வச்சிருந்தேன்."

மேலே எங்கோ கனமான எதையோ இறக்கினார்கள். தொட்டித் தண்ணீர் நடுங்கியது. தூணிலிருந்து நாணயம் அகலத்தில் ஒரு சில்லு என் செருப்பின் மேல் விழுந்தது. வயிறு உரச உரச இடுக்கிலிருந்து வெளியே வந்தேன். பயம்தான், வேறொன்றும் இல்லை.

படியேறும் இடத்தில் இருந்த சிவப்புப் பெட்டியின் கண்ணாடியை உடைத்து மணியை அடித்தேன். கொழுந்தன் மாடி மாடியாக ஓடிக் கதவுகளைத் தட்டினான். அந்தக் கட்டடத்தில் நின்று ஒரு வாய் டீ குடிக்காதவன் பதினாறு மாடியும் ஏறினான். கால் மணி நேரத்தில் எல்லாரும் தெருவில் நின்றார்கள். கணினியோடு வந்தவர்கள், ஒரு செருப்போடு வந்தவர்கள், மேல்மாடி ஆட்கள், ஆல்பத்துக்குப் படம் எடுக்க வந்தவர். தலையை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியாகக் கொழுந்தன் மூச்சிரைக்க வந்து என் பக்கத்தில் நின்றான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சீஃப் நேராக என்னிடம் வந்தார். "எங்கே தீ?"

"தீ இல்லை சார். அடித்தளத்துத் தூண் விரிசல் விட்டிருக்கு."

அவர் முகம் தளர்ந்தது. சிரிக்கக்கூடச் செய்தார். "பூச்சு விரிசலுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? எந்தத் தூண், தொட்டிக்குப் பின்னாடி இருக்கிறதா?" கையிலிருந்த தாளைப் பிரித்தார். ஆல்பத்துக்காக நான் எழுதிக்கொடுத்த அதே தாள். "தலைமை அலுவலகம், அடித்தளத் தூண்கள், ஐம்பத்திரண்டு. நாற்பது போதும் அதுக்கு. உங்க கையெழுத்துதானே மேடம் இது? உங்களுக்கே சந்தேகமா?" கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "ஒண்ணும் இல்லை, எல்லாரும் உள்ளே போங்க" என்று சத்தமாகச் சொன்னார்.

ஆட்கள் கதவை நோக்கி நகர ஆரம்பித்தார்கள். ஒரு செருப்போடு வந்த பெண் இன்னொரு செருப்பைத் தேடி முதல் ஆளாகப் போனாள்.

சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவன் ஜெயிலுக்குப் போய்விடுவான் என்று நாக்கு ஒரு கணம் தடுக்கியது. அந்த ஒரு கணத்துக்காக இன்றைக்கும் எனக்கு என் மேல் வெட்கம் இருக்கிறது. அதற்குள் கொழுந்தன் எனக்கு முன்னால் போய், நசுங்கிய டப்பாவைத் திறந்து சீஃபிடம் நீட்டியிருந்தான். சிமெண்டுக்கு மேல் கரண்டி கிடந்தது.

"அந்த ஐம்பத்திரண்டுல நாலு கரண்டி நான் போட்டது, சார்."

சீஃப் டப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கையெழுத்து நான் போட்டது" என்றேன்.

அவர் பதினாறு மாடியையும் அண்ணாந்து பார்த்தார். பிறகு ஓடிப்போய், கதவுக்குள் ஒரு கால் வைத்திருந்த அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.